குருட்டுமுனையில் ஒரு நிமிடம்

மொர்த்தேலா,
மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடைசித் தடவை உங்கள் அக்காதான் எடுத்தார். "எழுதிப் போடு எலீஜியோ. கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிப்பா" என்றார். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மிலான்காரர்கள் இங்கே வந்திருந்தார்கள். ஓர்னெல்லா அம்மாவும் அவர் கணவரும். கல்யாண நாளுக்காக ஒரு நாள் முழுக்க நம் படகைத் தனியாக எடுத்துக்கொண்டு, அண்ணனும் நானும் கூட்டிப்போக, அக்டோபரில் கடலுக்கு வந்தவர்கள். மலைமேல் மாதா கோயிலில் நன்றிப் படம் வைக்க வேண்டும் என்கிறார்கள். நம் துறையில் கடலிலிருந்து பிழைத்து வந்தவன் படம் வைக்காமல் இருந்ததில்லை. அந்தக் கோயில் சுவர் முழுக்க வேறென்ன இருக்கிறது.

அவர்கள் கேட்காவிட்டாலும் நான் வைத்தாக வேண்டும். படகு உடைந்து நாங்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்தபோது சத்தம் போட்டு நேர்ந்துகொண்டேன். "மாதாவே, எங்க எல்லாரையும் கரை சேத்துடு, உனக்குப் படம் வைக்கிறேன்" என்று. அண்ணனுக்கும் அது கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஓவியர் கேட்ட முதல் கேள்வி, "பெர்னார்தோவ எங்க வரையட்டும்?" என்பதுதான். வழக்கமாகப் பிழைத்தவர்களை மட்டும்தான் வரைவார்கள். அண்ணனை விட்டுவிட்டு வரைய எனக்கு மனம் வரவில்லை. படகில் உட்கார வைத்தால் அது பொய். உங்களைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் படகு செலெஸ்தீனாவைப் பழுது பார்த்தாகிவிட்டது. இடது பக்கப் பலகை எல்லாம் புதிது. ஆனால் நேர்ச்சையை முடிக்காமல் அவளைத் தண்ணீரில் இறக்க மாட்டேன். உங்கள் சம்மதம் இல்லாமல் நேர்ச்சையை முடிக்கவும் மாட்டேன். இப்போதைக்கு அவள் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறாள்.

கல்லறைக்கு ஞாயிறுதோறும் போகிறேன்.

எலீஜியோ


டூரின்,
மார்ச் 14

எலீஜியோ,

கிழிக்கவில்லை. படித்தேன். ரெண்டு தடவை படித்தேன், அதற்காக உனக்கு ஒன்றும் பெருமை வேண்டாம்.

நீ மாதாவிடம் கேட்டது எத்தனை பேரை? படகில் இருந்த நாலு பேரையும். அவள் கொடுத்தது மூன்று பேரை. அப்படியானால் பாக்கி வைத்திருப்பது அவள், நீ இல்லை. உன் அண்ணனைத் திருப்பிக் கொடுக்கச் சொல். அதற்குப் பிறகு நானே என் கையால் ஆணியடித்துப் படத்தை மாட்டுகிறேன்.

அந்தச் சுவரில் இருக்கிற படங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான் நான். கறுப்புக் கடல், சாய்ந்த படகு, மேலே மேகத்தில் அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். இந்தப் படத்தில் அவள் யாருக்குக் கையை நீட்டுவாள்? மிலான்காரிக்கா? ஓவியர் வரையட்டும், அதன் கீழே நின்று நீங்கள் எல்லாரும் பாட்டுப் பாடுங்கள். என்னிடம் சம்மதம் கேட்காதே.

கல்லறையில் எல்லார் முன்னாலும் உன்னைச் சொன்னதை நான் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை. கல்யாணமாகி உங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சுக்கானும் நங்கூரமும் அவருக்கு, எஞ்சினும் எண்ணெயும் உனக்கு. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பாறைக்குப் பக்கத்தில் வந்து ஏன் செத்தது என்று நீ இன்றுவரை எனக்கு வாயைத் திறந்து சொல்லவில்லை. "பழுதாயிடுச்சு அண்ணி" என்றாய். அவ்வளவுதான். ஒரு உயிருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா?

இங்கே கடல் இல்லை. அதற்காகத்தான் வந்தேன். அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்தால் ட்ராம் போகிறது. மீன் வாங்கப் போனால் கண் வெளுத்த மீனை எடுத்து வைத்து "இன்னைக்குப் பிடிச்சது" என்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். அந்த அளவுக்கு ஆகிவிட்டேன்.

ரொசால்பா


மொர்த்தேலா,
மார்ச் 22

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சொன்னதை ஊரே சொல்கிறது. அன்று கல்லறையில் "ஒரு எஞ்சினப் பாத்துக்கத் துப்பில்லாதவன்" என்றீர்களே, அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காப்பிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு குறைந்துவிடும். அகொஸ்தீனோ மட்டும் சத்தமாகவே சொல்வார், "அவன்கிட்ட மோட்டார் சைக்கிளக்கூடக் குடுக்காதீங்கடா" என்று. சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன். இருக்கட்டும். அதைப்பற்றி நான் குறை சொல்லவில்லை.

படத்தைப்பற்றி இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். கோடைக்கு ஜெனோவாவில் ஒரு பட்டறையில் வேலை கேட்டிருக்கிறேன். எஞ்சின் வேலைதான். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஓர்னெல்லா அம்மா உங்களை வந்து பார்க்க ஆசைப்படுகிறார். நான் விலாசம் தரவில்லை. செவெரீனோ சாமியாரிடம் வாங்கிவிட்டார் என்று கேள்வி. அவர் எழுதினாலும், வாசலில் வந்து நின்றாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல மனுஷிதான். ஆனால் பேசிப் பேசி உங்களை அழ வைப்பார். உங்களுக்கு இப்போது அது எதற்கு.

எலீஜியோ


டூரின்,
ஏப்ரல் 7

எலீஜியோ,

வேண்டாம் என்று நீ எழுதியதால்தான் கதவைத் திறந்தேன்.

வந்தார். கையில் பெரிய பூங்கொத்து, சாவு வீட்டுக்கா பிறந்த நாளுக்கா என்று தெரியாத மாதிரி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நீச்சல் தெரியாதாம். உன் அண்ணன் அவரை இடுப்பில் தூக்கிப் பாறைமேல் தள்ளிவிட்டார், அடுத்த அலையில் அவரே இல்லை என்று சொன்னார். இது நீயும் சொன்னதுதான். அழவில்லை. காப்பி போட எழுந்தேன்.

அப்போது எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அதுக்கு முன்னாடி அந்த ஒரு நிமிஷம் இருந்துச்சு பாருங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். மாதா சிலைக்குக் கீழ வந்ததும் எஞ்சின நிறுத்திட்டாங்க. தொப்பியக் கழட்டினாங்க. தண்ணிச் சத்தம் மட்டுந்தான். என் வீட்டுக்காரர் எப்பவும் வாய் ஓயாதவரு, அவரே பேசல. உங்க வீட்டுக்காரர் முகத்துல அப்ப ஒரு நிம்மதி. அதத்தான் படமா வரையச் சொல்லியிருக்கேன்."

காப்பிப் பாத்திரம் என் கையிலிருந்து விழுந்தது. சூடு பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

குருட்டுமுனையில் மாதா சிலைக்குக் கீழே நம் படகுகள் எல்லாம் எஞ்சினை நிறுத்தி வணங்கிவிட்டுப் போகும் என்பது எனக்குத் தெரியாதா? காற்றில்லாத நாளில் நானே நூறு தடவை அந்த அமைதியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத் தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டது. அதிலுமா நிறுத்துவீர்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. எஞ்சின் பழுதாகி நின்றது என்றாய். விசாரணையில் அதைச் சொன்னாய், சாமியாரிடம் அதைச் சொன்னாய், என்னிடம் அதைச் சொன்னாய். ஒரு மனுஷன் கை வைத்து அணைத்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

யார் அணைத்தது?

ரொசால்பா


மொர்த்தேலா,
ஏப்ரல் 12

அண்ணி,

நான்தான்.

எலீஜியோ


டூரின்,
ஏப்ரல் 16

எலீஜியோ,

உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் ஒரே வார்த்தையோடு கடிதத்தை முடித்துவிட்டாய்.

உன்னைக் கேட்பதற்கு முன்பே ஓர்னெல்லாவிடம் கேட்டுவிட்டேன். "பெரியவருதான் சாவியத் திருப்பினாரு. தம்பி என்னமோ சொன்னாரு, அவரு கேக்கல" என்றார். நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கத்தான் உன்னிடமும் கேட்டேன். எனக்கு இப்போது உன்மேல் வருகிற கோபம் போன மாதக் கோபம் இல்லை. இது வேறு. ஆறு மாதம் ஊர் உன்னைக் காறித் துப்ப, நான் அதில் முதல் எச்சில் துப்ப, நீ துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். யார் உன்னை அப்படி நிற்கச் சொன்னது? என்னைக் கேட்டாயா? செத்தவரைக் காப்பாற்றுவதற்கு உயிரோடு இருக்கிற என்னைப் பொய்யிலேயே வைத்திருந்திருக்கிறாய்.

எனக்கு ஒன்று செய்ய வேண்டும் நீ. என்னை அந்த வழியில் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் போன மாதிரியே. காலையில் துறையிலிருந்து கிளம்பி, பழைய மடத்துக் குடாவில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டு, மாலையில் குருட்டுமுனை வழியாகத் திரும்ப வேண்டும். தனிப் படகு. நீயும் நானும் மட்டும். நேர்ச்சை முடியாமல் படகை இறக்க மாட்டேன் என்பாய். நேர்ச்சையை நான் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். என்னுடையது உனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன் அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுது. படகில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க என்னால் முடியாது.

ரொசால்பா


மொர்த்தேலா,
ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் துணிந்துவிட்டேன்.

அன்று காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. எஞ்சினில் கோளாறு இல்லை, அதைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டர் தேய்ந்திருந்தது. புதிதுக்குச் சொல்லியிருந்தேன், திங்கள்கிழமை வருவதாக இருந்தது. அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, ஓடிட்டா ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா இன்னிக்கு ஒரு தடவ கிளப்பினா சாயந்திரம் வரைக்கும் நிறுத்தவே கூடாது." "சரிடா" என்றார். புரிந்துதான் சொன்னார். குடாவில் சாப்பிடும்போதுகூட எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டேதான் இருந்தது. எலுமிச்சை பிழிந்த மீனைத் தின்றபடி ஓர்னெல்லா அம்மாவின் கணவர், "நெத்திலில டீசல் வாசன அடிக்குதே" என்று கேலி செய்தார். "எங்க ஊரு எலுமிச்ச அப்படித்தான்" என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் நல்ல குஷியில் இருந்தார். சீசனின் கடைசிச் சவாரி அல்லவா.

ராத்திரிக்கு வரும் என்று சொன்ன காற்று மத்தியானமே வந்துவிட்டது. அவசரமாகத் திரும்பினோம். குருட்டுமுனைக்கு வரும்போது கடல் புரள ஆரம்பித்திருந்தது. அலை பெரிதில்லை. இதைவிட மோசமான கடலில் நாங்கள் வந்திருக்கிறோம். எஞ்சின் ஓடியிருந்தால் பத்து நிமிடத்தில் துறைக்குள் இருந்திருப்போம்.

சிலை தெரிந்ததும் அவர் கை சாவிக்குப் போனது. "அண்ணே, இன்னிக்கு வேணாம். கும்பிட்டுட்டு அப்படியே போயிடுவோம்" என்றேன். "அப்பா இங்க நிறுத்தாம ஒரு நாளாவது போனாரா? ஒரு நிமிஷம்டா" என்றார். திருப்பிவிட்டார்.

அந்த ஒரு நிமிடத்தில் நானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் நின்றேன். பிறகு அவர் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அதே சத்தம். நான் கீழே குதித்து ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினேன். அவர் நங்கூரத்தைப் போட்டார். அங்கே அடி வழுவழுப்பான பாறை, அது பிடிக்கவில்லை. நான் தலையை வெளியே நீட்டியபோது பாறை எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி, அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகு ஊருக்குள் போய், எஞ்சினை அணைத்தது என் அண்ணன்தான் என்று எப்படிச் சொல்வேன்? இந்தக் கரையில் அவருக்கு மேல் கடல் தெரிந்தவன் இல்லை என்று இருந்த பெயர். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நல்லது கெட்டது தெரியாத பையனைப் போல ஒரு காரியம் செய்து செத்தார் என்றால், அகொஸ்தீனோ அதை வைத்து இருபது வருஷம் கதை சொல்வார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குப் பெயர் என்று ஒன்று பெரிதாக இருந்ததே இல்லை.

விசாரணையில் ஓர்னெல்லா அம்மாவும் இருந்தார். அவருக்கு எஞ்சின் சமாச்சாரம் தெரியாது. திரும்ப ஓடவில்லை என்றுதான் சொன்னார். அது உண்மைதான்.

கூட்டிப்போகிறேன். நேர்ச்சை முடியாமல் இறக்குகிறேன் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பரவாயில்லை. புது ஸ்டார்ட்டர் போட்டாகிவிட்டது. மே மாதம் இரண்டாவது வாரம் கடல் படுத்திருக்கும். ரயிலுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொன்னது உங்களோடு இருக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன். அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிடாதீர்கள்.

எலீஜியோ


டூரின்,
மே 20

எலீஜியோ,

நீ என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரவில்லை. வரமாட்டாய் என்று தெரியும். படகைக் கட்டிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போனாயே, அந்த நடை அப்படியே உன் அண்ணன் நடை. கோபம் வந்தால் அவரும் தோளை இப்படித்தான் தூக்கிக்கொண்டு போவார்.

நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

படகில் ஏறும்போது நான் வாயைத் திறப்பதாக இல்லை. உனக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லைதான். ஆனால் மனதுக்குள் சரி என்று வைத்திருந்தேன். குடாவில் நான் கொண்டுவந்த ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கடலில் போட்டாய், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. எனக்கும் இறங்கவில்லை. சீக்கிரம் போய்விடுவோம் என்றேன்.

குருட்டுமுனையில் அந்தப் பாறையைப் பார்த்தேன். ஓர்னெல்லா ஏறிக்கிடந்த அந்தத் திட்டு ஒரு மேசை அளவுகூட இல்லை. இன்னொரு ஆளுக்கு அதில் இடம் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஏன் அவரும் ஏறவில்லை என்று இத்தனை மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது தெரிந்ததே போதும் என்று அங்கிருந்து திரும்பியிருப்பேன்.

அப்போதுதான் அகொஸ்தீனோ மகன் துல்லியோவின் படகு வந்தது. நீயும் பார்த்தாய். ஜெர்மன்காரக் குடும்பம் ஒன்று, குழந்தைகள் மட்டும் ஐந்து. கடல் லேசாக உருண்டுகொண்டிருந்தது. நமக்கும் பாறைக்கும் நடுவில் வந்து அவன் எஞ்சினை அணைத்தான். தொப்பியை எடுத்தான். குழந்தைகள் எல்லாம் அழகாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. படகு மெதுவாகப் பாறைப் பக்கம் நகர்ந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான்.

"போடுடா எஞ்சின" என்று நான் கத்தியதில் உனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தான். பிறகு போட்டான். ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால்?

நீ உன் அண்ணன் பெயரைக் காப்பாற்றினாய். அந்தப் பொய்யை நம்பி ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவன் எஞ்சினை அணைத்துக்கொண்டிருக்கிறான். பெர்னார்தோ அணைத்துச் செத்தார் என்று தெரியாததால் அணைத்துக்கொண்டிருக்கிறான். எலீஜியோவின் எஞ்சின் மோசம், நம்முடையது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. இதை நீ யோசித்தாயா இல்லையா? யோசித்திருப்பாய். யோசிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டிருக்க மாட்டாய்.

அதனால்தான் துறையில் இறங்கியதும் சுவரோரம் உட்கார்ந்து வைன் குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் போய் நின்றேன். நீ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். நான் சொன்னது முழுக்க உனக்குக் கேட்டதோ என்னவோ, எழுதிவிடுகிறேன். "எஞ்சின் கெட்டுப்போகல. என் வீட்டுக்காரர்தான் கும்பிடுறதுக்காக அத அணைச்சாரு. இவன் வேணாம்னு சொல்லியும் அணைச்சாரு. கல்லறையில நான் இவனச் சொன்னது அநியாயம்" என்றேன்.

அகொஸ்தீனோ எழுந்தார். "செத்துப்போனவனப் பத்தி இப்படிப் பேசலாமா ரொசால்பா?" என்றார்.

"உயிரோட இருக்கிறவனப் பத்தி ஏழு மாசம் பேசினீங்களே" என்றேன். "உங்க மகன் இப்பத்தான் அஞ்சு புள்ளைங்கள வச்சுக்கிட்டு அதே எடத்துல அணைச்சான். போய்க் கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை எலீஜியோ. நீ பயந்தாயே, அது நடக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் எவனும் ஒரு நாளும் அங்கே அணைக்காமல் போனவன் இல்லை. என் புருஷனைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு எங்கே தைரியம்?

அவர்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே திரும்பி வந்ததிலிருந்து அதை அடக்கி அடக்கிப் பார்க்கிறேன், முடியவில்லை. வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அந்த ஒரு நிமிடத்தில் நினைக்கவில்லையே என்று. அவர் செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று அதை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அக்கா பயந்துவிட்டாள். பிறகு எடுத்துத் துடைத்து வைத்தேன்.

படம் வைத்துக்கொள். ஓவியரிடம் சொல், அவரைத் தண்ணீரில் வரையச் சொல். படகில் வேண்டாம், மேகத்திலும் வேண்டாம். தண்ணீரில், முகம் தெரிகிற மாதிரி. அவர் திரும்பி வரவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பதில் எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது.

ரொசால்பா


மொர்த்தேலா,
ஜூன் 17

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று வாரம் மேசையில் போட்டுவைத்திருந்தேன். உங்கள்மேல் அவ்வளவு கோபம். கெஞ்சிக் கேட்டும் சொல்லிவிட்டீர்களே என்று. துல்லியோ அணைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துத்தான் அதிகக் கோபம். ஏனென்றால் போன ஏழு மாதமும் கரையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு படகு அந்த முனையைத் தாண்டும்போதும் சத்தம் நின்று மறுபடி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவன் நான். மறுபடி வந்ததும் மூச்சு விடுவேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் காப்பிக் கடையில் ஒரே சண்டை. அணைக்காமல் போவது மாதாவுக்கு அவமரியாதை என்று பாதிப் பேர். அகொஸ்தீனோ அதில் முதல் ஆள். அவருக்குத் துல்லியோவே பதில் சொல்லிவிட்டான், "அம்மாவப் பாத்தா கும்பிடுறதுக்கு முன்னாடி மூச்சையா நிறுத்துறோம்?" என்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் செவெரீனோ சாமியார், வேகத்தைக் குறைத்துத் தொப்பியை எடுத்தால் போதும், மாதாவுக்கு அது கேட்கும் என்றார். இப்போது யாரும் அணைப்பதில்லை. ஒரு வாரமாக நான் கரையில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டேன்.

படம் முடிந்துவிட்டது. தண்ணீரில் இருக்கிற ஆளைப் பார்த்துவிட்டுச் சாமியாரே கொஞ்சம் தயங்கினார். நன்றிப் படத்தில் மூழ்கினவனை இவ்வளவு பெரிதாகப் போடும் வழக்கம் இல்லையே என்றார். "அப்ப திருப்பிக் குடுத்துடுங்க சாமி, நான் வீட்ல மாட்டிக்கிறேன்" என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார். வாசலுக்கு வலது பக்கம் மாட்டியிருக்கிறது. அண்ணன் முகம் ஓரளவு வந்திருக்கிறது. மூக்குதான் கொஞ்சம் பெரிது. நீங்கள் பார்த்தால் சொல்வீர்கள்.

என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், நம் ஆட்களைப்பற்றித் தெரியாதா. ஆனால் போன வியாழக்கிழமை துல்லியோ தனக்கு வந்த சவாரி ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டான். "எனக்கு வேற வேல இருக்கு, நீங்க போங்க" என்று. அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. நாள் முழுக்கத் துறையிலேயே உட்கார்ந்திருந்தானாம்.

பொலோன்யாவிலிருந்து வந்த குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். நாள் முழுக்கக் குளித்தார்கள், சிரித்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. திரும்பும்போது நாலு பேரும் முன்பக்கம் மெத்தையில் சாய்ந்து கிடந்தார்கள். நான் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தனியாக. அண்ணன் நிற்கிற இடத்தில்.

குருட்டுமுனை வந்தது. வேகத்தைக் குறைத்துத் தொப்பியை எடுத்தேன். என் கை சாவிக்குப் போகவில்லை. போகும் என்று பயந்துகொண்டிருந்தேன், போகவில்லை. இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. ஒரு கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பதுதானே. அதைச் செய்ய அவரால் முடியவில்லையே என்று நினைத்ததும் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "ஏண்டா பெர்னார்தோ" என்றேன். பிறந்ததிலிருந்து அண்ணே என்பதைத் தவிர அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை நான். "ஏண்டா பெர்னார்தோ, நான்தான் வேணாம்னு சொன்னேன்ல. சொன்னேன்லடா." அப்புறம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன். அடக்கம் பண்ணும்போது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அதையும் ஊர் கவனித்துப் பேசியது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது. முனையைத் தாண்டி வெகுதூரம் வந்தும் நிற்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது அண்ணி. அதனால் முன்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

எலீஜியோ